சாம்பல்மேல் சாம்பல்

ஒரு கம்ப்யூட்டர் திரை கறுத்துப்போன காரியத்துக்காக மட்டாஞ்சேரியில் சர்வகட்சிக் கூட்டம் நடந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். சாயாவோடு பழம்பொரி கொடுத்தார்களா, பருப்புவடையா என்று மட்டும் கேட்பார்கள். பழம்பொரிதான் கொடுத்தார்கள். அதைத் தின்றுகொண்டே அவர்கள் எடுத்த முடிவால் கமலாக்ஷி மாமி பட்ட பாடு இருக்கிறதே, அதுதான் கதை.

கமலாக்ஷியின் வீடு பாலஸ் ரோட்டுக்குப் பின்சந்தில். பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் ஊன்றிவிட்ட தமிழ்க் குடும்பம். புருஷன் வெங்கிடாசலம் யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கமலாக்ஷிக்கு நாவல் என்றால் உயிர். அடுப்பில் பால் பொங்கி மேடையெல்லாம் ஓடினாலும் அத்தியாயம் முடியாமல் எழுந்திருக்க மாட்டாள். அப்படிப்பட்டவளுக்குக் கண்ணிலே வந்து சேர்ந்தது வினை. வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தால் போதும், நடுமத்தியான வெயில் கண்ணுக்குள் அடித்த மாதிரி கூசும், எழுத்தெல்லாம் கரைந்துவிடும். எர்ணாகுளத்துக் கண் டாக்டர், "கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாக இருந்தால் நீங்கள் சௌகரியமாகப் படிக்கலாம். ஆனால் அப்படி யார் புத்தகம் அச்சடிக்கிறார்கள்?" என்று கையை விரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு வெங்கிடாசலம்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினார். அதைவிடப் பட்டினி மேல். மனிதருக்கு இரண்டாம் பக்கத்திலேயே கண் சொக்கிவிடும். சொக்காத நேரத்தில் வெட்கம் வந்துவிடும்.

"ஏன் நிறுத்திட்டேள்?" என்று அவள் கேட்பாள்.

"ஒண்ணுமில்லை. இங்கே ரெண்டு பேரும் பேசிண்டிருக்கா."

"என்ன பேசிக்கறா?"

"சும்மா, லோகாபிராமமா" என்று சொல்லி நாலு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிடுவார்.

கோமதி என்று ஒரு பெண்ணைப் பற்றிய மூன்று பாக நாவல். முதல் இரண்டு பாகத்தைக் கமலாக்ஷி கண் நன்றாக இருந்தபோதே படித்திருந்தாள். சபையில் தன்னை அவமானப்படுத்திய புருஷனை விட்டு இரண்டாம் பாகக் கடைசியில் கோமதி படியிறங்கிப் போகிறாள். மூன்றாம் பாகத்தைப் பாலக்காட்டுச் சொந்தக்காரரிடம் இரவல் வாங்கி வாசித்துக் காட்டினார் வெங்கிடாசலம். "கோமதி திரும்பி வந்துட்டா. சுபம்" என்று அதை முடித்து, புத்தகத்தைத் திருப்பியும் கொடுத்துவிட்டார். கமலாக்ஷிக்கு ஆறவே இல்லை. இரண்டு பாகம் முழுக்க முறுக்கிக்கொண்டு நின்றவள் ஒற்றை வரியில் திரும்பி வருவாளா? கோமதிக்கு என்னதான் ஆயிற்று என்று தன் கண்ணால் படிக்காமல் செத்தால் கட்டை வேகாது என்றே நினைத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் கிட்டங்கிகளுக்கு நடுவே, சுக்கு மணக்கும் ஒரு மாடியில் ‘ஜனகீய ஈ-வாயனசாலை’ திறந்தார்கள். வாயனசாலை என்றால் நம் நூலகம்தான். புத்தகங்கள் மட்டும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும். திறப்புவிழாவில் இரண்டு கம்ப்யூட்டருக்கும் செவந்தி மாலை போட்டு, முன்னால் குத்துவிளக்கு ஏற்றினார்கள். விளக்கின் எண்ணெய் ஒரு கம்ப்யூட்டரின் தலையில் கொட்டி அது அன்றைக்கே கண்ணை மூடிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு நிர்வாகம் நடத்த ஒரு தலைவர், ஒரு செயலாளர், பதினைந்து கமிட்டி உறுப்பினர்கள். வேலை செய்ய மஞ்சுஷா.

மஞ்சுஷா முனிசிபாலிட்டித் தொழிலாளி சுடலைமுத்துவின் மகள். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். தற்காலிக வேலை, நிரந்தரமாக்க வேண்டுமென்று மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மூன்றாம் பாகம் அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் படியேறி வந்த கமலாக்ஷி, வெள்ளைத் திரையைப் பார்த்ததும் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு விதிச்சதில்லை, மோளே. நான் போறேன்."

"ஐயோ, எங்க போறீங்க மாமி? இதுல கலர் மாத்தலாம், அறியுமா? எழுத்துக்கு ஒரு கலர், பின்னாடிக்கு ஒரு கலர். எது வேணும்னு பறைங்க."

கமலாக்ஷிக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. சேலைக்கடையில் கேட்பதுபோல, "கறுப்புல மஞ்சள் இருக்குமோ?" என்றாள். மஞ்சுஷா நாலு இடத்தில் தட்டினாள். திரை அமாவாசையாகக் கறுத்தது. அதன்மேல் மஞ்சள் மஞ்சளாக, கொழுகொழுவென்று, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து நின்றது. கமலாக்ஷி முதல் வரியை வாசித்தாள். இரண்டாம் வரியை வாசித்தாள். மூன்றாம் வரியில் பொலபொலவென்று அழுதுவிட்டாள். மஞ்சுஷா பயந்துபோய்ப் பார்க்க, "ஒண்ணுமில்லை, தெரியறது. எல்லாம் தெரியறது" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சே முட்டியது.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு ஆனதும் மாடிக்கு வந்துவிடுவாள். வெங்கிடாசலம் ‘லோகாபிராமம்’ என்று தாண்டிய பக்கங்களில் என்னென்ன நடந்திருக்கிறது! கமலாக்ஷி கன்னம் சிவக்க வாசித்தாள். மஞ்சுஷா பக்கத்திலேயே நாற்காலி போட்டு, "பின்ன எந்தாச்சு மாமி?" என்று கதை கேட்டாள். இப்படியே கடைசி அத்தியாயம் வந்தது. முதல் வரியைப் பார்த்ததும் கமலாக்ஷிக்கு ஒரு வீம்பு. இதை அந்த மனுஷரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் காதுபடப் படிக்க வேண்டும். கீழே சாயாக்கடையில் இருந்த வெங்கிடாசலத்தைக் கூட்டிவர எழுந்து போனாள். மஞ்சுஷா தண்ணீர் பிடிக்கப் போனாள். திரை கறுப்பாகவே இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாயனசாலைத் தலைவர் அனந்தநாராயணன் செயலாளர் சுதீரோடு திடீர்ப் பரிசோதனைக்கு வந்து சேர்ந்தார். வாசலைப் பார்த்து வைத்திருந்த கம்ப்யூட்டர் அவரைக் கறுகறுவென்று வரவேற்றது. தலைவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"சுதீர், என்னய்யா இது?"

சுதீர் பார்த்தார். கேரளத்தில் மந்திரி வந்தால் கறுப்புக் கொடி காட்டுவது தெரிந்த வழக்கம். நிரந்தர வேலை கேட்டு மனு கொடுத்த பெண் ஒருத்தி இங்கே இருக்கிறாள். தலைவர் வருகிறார், திரை கறுக்கிறது. அவருக்கு வேறு என்ன தோன்றும்?

"கரிங்கொடியாக்கும், சார்" என்றார், குரலைத் தாழ்த்தி.

தலைவர் முகம் சிவந்தது. பிறகு மெல்ல மலர்ந்தது. பிறகு, மலர்ந்தது தெரியக்கூடாது என்று மறுபடி சிவந்தது. இத்தனை வருஷப் பொதுவாழ்வில் அவருக்கு யாரும் ஒரு கறுப்புக் கைக்குட்டைகூடக் காட்டியதில்லை.

மஞ்சுஷாவிடம் விளக்கம் கேட்டார்கள். விஷயம் தெரிந்து பதறிப்போன கமலாக்ஷி, தலைவர் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். "அது நானாக்கும். அந்தக் கொழந்தைமேல ஒரு தப்பும் இல்லை. எனக்கு வெள்ளை கண்ணுக்கு ஆகாது. அதுக்காகக் கறுப்பு வச்சோம், அவ்வளவுதான்."

தலைவர் அவளை அன்போடு பார்த்தார். "மாமி, உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும். அந்தக் குட்டியை ரக்ஷிக்கப் பார்க்கறேள். ஆனால் ஒன்று யோசிச்சுப் பாருங்கோ. கரிங்கொடியைச் சும்மா ஒருத்தனுக்குக் காட்டுவாளா? மந்திரிமாருக்குக் காட்டியிருக்கா. இப்போ எனக்கும் காட்டியிருக்கா. அது கண்கூசினதாலன்னு சொன்னா என் நிலை என்ன ஆறது?"

கமலாக்ஷி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் உத்தரவு வந்தது: திரையில் கறுப்புக்குத் தடை. பழையபடி வெள்ளையில் கறுப்பு எழுத்து இருக்கட்டும் என்று சுதீர் சொன்னபோது கமிட்டியில் ஒருவர் எழுந்து, "எழுத்து முழுக்கக் கறுப்புதானே? ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்னக் கரிங்கொடியில்லையா?" என்று கேட்டார். யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. எந்த நிறம் என்று சர்வகட்சிக் கூட்டம் முடிவெடுக்கும்வரை கம்ப்யூட்டருக்கு மேல் துணியைப் போர்த்திவிட்டார்கள். உள்ளே கடைசி அத்தியாயத்தின் முதல் வரியில் கோமதி நின்றுகொண்டிருந்தாள். வெளியே கமலாக்ஷி துணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

கூட்டத்துக்கு வாசகர்களும் வரலாம் என்றார்கள். கமலாக்ஷி வெங்கிடாசலத்தையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் பின்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்தார்.

முதலில் ஒருவர் சிவப்பு எழுத்து என்றார். அது உழைக்கும் வர்க்கத்தின் நிறம். உடனே எதிர்வரிசை எழுந்துவிட்டது. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார் இன்னொருவர். யார் கண்ணுக்கு என்று விளக்க வேண்டும் என்றார் அடுத்தவர். காவி என்று ஒருவர் வாயெடுத்ததும் மூன்று பேர் ஒரே மூச்சில் வெளிநடப்புச் செய்தார்கள். பழம்பொரி வந்ததும் அதே மூச்சில் உள்நடப்பும் செய்தார்கள்.

கமலாக்ஷி தைரியத்தைக் கூட்டிக்கொண்டு எழுந்தாள். "மஞ்சள் எழுத்து இருந்தா எனக்கு வாசிக்க முடியும். மஞ்சள் எந்தக் கட்சியும் இல்லையே?"

சபை அதிர்ந்தது. இரண்டாயிரத்து ஆறு ஜூன் மாதம் அது. ஜெர்மனியில் உலகக்கோப்பைக் கால்பந்து. மட்டாஞ்சேரியில் தெருவுக்குத் தெரு பிரேசிலின் மஞ்சள் கொடி, அர்ஜென்டினாவின் நீலவெள்ளைக் கொடி. கட்சி விஷயத்திலாவது ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுப்பார்கள்.

"மாமி பிரேசிலா?" என்று வருத்தத்தோடு கேட்டார் ஓர் அர்ஜென்டினாக்காரர். "பொதுப்பணத்தில் வாங்கின கம்ப்யூட்டரில் மஞ்சளா? அப்போ நீலமும் வேணும்!"

"நான் ஒண்ணுமில்லை. நான் கோமதி என்ன ஆனாள்னு பார்க்கணும், அவ்வளவுதான்" என்றாள் கமலாக்ஷி.

கோமதி எந்த அணி என்று யாரோ பக்கத்தில் விசாரித்தார்கள்.

கடைசியில் தலைவர் எழுந்து கையமர்த்தினார். "மாண்புமிகு நண்பர்களே! ஒரு கரிங்கொடியின் வேதனையை அனுபவித்தவன் என்ற நிலையில் பேசுகிறேன். நிறம் என்று வந்துவிட்டால் பக்ஷபாதம் வந்துவிடும். யாருக்கும் சொந்தமில்லாத நிறம் ஒன்றுதான் இருக்கிறது. அது சாம்பல். இன்றைக்கு யாருக்கும் சொந்தமில்லை, கடைசியில் எல்லாருக்கும் சொந்தம்."

கைதட்டல் ஓய நேரமானது. பின்னணி சாம்பல் நிறம் என்று ஒருமனதாக நிறைவேறியது. அடுத்தது எழுத்தின் நிறம் என்று சுதீர் வாசித்தார். மறுபடி சிவப்பிலிருந்து தொடங்க ஒருவர் தொண்டையைச் செருமினார். எர்ணாகுளத்துக்குக் கடைசி போட் போய்விடும் என்று இன்னொருவர் கடிகாரத்தைக் காட்டினார். எழுத்துக்கும் அதே சாம்பல் போதும் என்று தலைவர் சொன்னார். அதுவும் ஒருமனதாக நிறைவேறியது.

மஞ்சுஷாவால் பொறுக்க முடியவில்லை. "சார், ரெண்டும் சாம்பலானா எழுத்து காணாதே!"

"காண்பதும் காணாததும் வாசகரின் சுதந்திரம். அதில் கமிட்டி தலையிடாது" என்றார் தலைவர். அதற்கும் கைதட்டினார்கள்.

கமலாக்ஷி வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள். வெங்கிடாசலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான்தான் கதையைச் சொல்லிட்டேனே, கமலா. திரும்பி வந்துட்டா" என்றார். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலையில் புதிய நிறத்தின் திறப்புவிழா. அதற்குள் அர்ஜென்டினாவும் பிரேசிலும் அடுத்தடுத்த நாளில் தோற்று, ஊரே சாவு வீடு மாதிரிக் கிடந்தது. சாம்பல் நிறம் அந்த மனநிலைக்குப் பொருத்தமாகவே இருந்தது. இந்தத் தடவை குத்துவிளக்கை எட்டத்தில் வைத்தார்கள். திரை முழுக்கச் சாம்பலாக, ஒரு புள்ளி இல்லாமல், துடைத்துவிட்ட தரை மாதிரி இருந்தது. தலைவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதில் யாராவது ஆட்சேபம் சொல்ல ஒரு எழுத்தாவது இருக்கிறதா? இதுதான் நல்ல நிர்வாகம்" என்றார். "நிற விஷயத்தில் முதலில் குரல் கொடுத்த வாசகி கமலாக்ஷி மாமியே முதலில் உட்காரட்டும்!"

கமலாக்ஷி வந்து உட்கார்ந்தாள். இந்தப் பூசிவிட்ட சாம்பலுக்கு அடியில்தானே கோமதி இருக்கிறாள், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கிறாளே என்று நினைத்தாள். மௌஸைப் பிடித்தாள். பொத்தானை அழுத்திய விரல் அழுத்தியபடியே இருக்க, கை தானாகக் கீழே இழுத்துக்கொண்டு போனது.

போன வழியெல்லாம் சாம்பல் கருநீலமானது. நீலத்தின்மேல் பளிச்சென்று வெள்ளை எழுத்துகள்!

"வந்துடுத்து! ஐயோ, மோளே, வந்துடுத்து!" என்று கமலாக்ஷி கத்திவிட்டாள்.

கூட்டம் நெருக்கியடித்து எட்டிப் பார்த்தது. சுதீர் வெளிறிப்போனார். "சார், நீலம்!"

"யாரோட நீலம்?" என்றார் தலைவர்.

எல்லாரும் அர்ஜென்டினாக்காரரைப் பார்த்தார்கள். தோற்ற துக்கத்தில் இருந்த அவர், "எங்களுது இல்லை. எங்களுது வெளிறின நீலம்" என்று ஈனசுரத்தில் சொன்னார்.

மஞ்சுஷா முன்னால் வந்தாள். "சார், இது கலரே இல்லை. கலர் சாம்பல்தான், நான் தொடவே இல்லை. மாமி வரியை செலக்ட் பண்ணினாங்க. செலக்ட் பண்ணினா கம்ப்யூட்டர் தானா இப்படிக் காட்டும். கையெடுத்து வேற எடத்துல தட்டினா பழையபடி சாம்பல்."

தட்டிக் காட்டினாள். எழுத்து மறைந்தது. கமலாக்ஷி அவசர அவசரமாக மறுபடி இழுத்தாள். எழுத்து வந்தது. தலைவர் நெற்றியைத் தடவினார். நிறமே இல்லாத நிறத்தைத் தடைசெய்ய விதி இல்லை. அனுமதிக்கவும் விதி இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நிர்வாகி என்ன செய்வாரோ, அதையே அவரும் செய்தார்.

"இதை ஆராய ஓர் உபகமிட்டி அமைக்கிறேன். மஞ்சுஷா விஷயத்தையும் அதே உபகமிட்டி விசாரிக்கும். ரிப்போர்ட் வரும்வரை இன்றைய நிலை எதுவோ அது தொடரும். எழுத்தும் அப்படியே, இந்தப் பெண்ணின் வேலையும் அப்படியே. உபகமிட்டிக்கு வாசகர்களின் பிரதிநிதியாக ஒரு நிதானமான மனிதர் வேண்டும். சர்வகட்சிக் கூட்டம் முழுக்க வாயைத் திறக்காமல், நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி ஆமோதித்த பெரியவர் ஒருவர் பின்வரிசையில் இருந்தாரே... அதோ, இன்றைக்கும் ஆமோதித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவரே கன்வீனர்!"

மின்விசிறிக்கு அடியில் தலை தொங்கித் தொங்கி ஆடிக்கொண்டிருந்த வெங்கிடாசலத்தைத் தட்டி எழுப்பி மாலை போட்டார்கள்.

அன்றே கமலாக்ஷி கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். ஒரு பக்கம் இழுப்பாள், படிப்பாள், அடுத்த பக்கம் இழுப்பாள். மஞ்சுஷாவுக்காக உரக்கவே படித்தாள். கோமதி திரும்பி வரவே இல்லை. தையல்கடை வைத்து நடத்துகிறாள். புருஷன்தான் ஒரு நாள் கடைவாசலில் வந்து நிற்கிறான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்லி, "காபி போடத் தெரியுமா?" என்று கேட்கிறாள். அத்தோடு கதை முடிகிறது.

"அடிபொளி!" என்று மஞ்சுஷா கைதட்டினாள். "அடுத்து எந்தக் கதை மாமி?"

அடுத்த கதை! கமலாக்ஷிக்கு அந்தக் கேள்வியே தித்தித்தது. உள்ளே நூற்றுக்கணக்கில் புத்தகம் இருக்கிறதாம். துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "கோமதி திரும்பலை. அவன்தான் போனான். தெரியுமோ?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

வெங்கிடாசலம் அசரவில்லை. "யாராவது ஒருத்தர் போயாச்சில்லையா? சுபம்தானே" என்றார். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். கையில் கட்டு கட்டாகக் காகிதம். "அதெல்லாம் கிடக்கட்டும். தலைவர் இதைக் குடுத்திருக்கார். ஓணத்துக்குள்ள ரிப்போர்ட் வேணுமாம். ஓணம் என்னத்துக்கு? உட்கார்ந்தா நாளைக்கே முடிச்சுடுவேன். ரிடயர் ஆனப்புறம் என்னை ஒருத்தரும் ஒரு காரியத்துக்கும் கூப்பிட்டதில்லை, கமலா."

கமலாக்ஷி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ரிப்போர்ட் வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் நீலத்துக்குத் தடை வரும், மஞ்சுஷாவின் வேலைக்கு ஆபத்து வரும், பிறகு மறுபடி ‘லோகாபிராமம்’தான். வேண்டாம் என்று சொல்லலாமா? சொன்னால் மனிதர் வீம்புக்கு உட்கார்ந்து எழுதி முடித்துவிடுவார். மேலும், அவர் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் எரிசேரி, காளன், பப்படம், அதற்குமேல் ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பாலடைப் பிரதமன் பாயசம் வைத்தாள். "பெரிய காரியம் பண்ணப்போறேள். தெம்பு வேண்டாமா?" என்று இரண்டாம் கிண்ணமும் ஊற்றினாள். பிறகு சாய்வுநாற்காலியை விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டு, மடியில் காகிதக் கட்டை வைத்து, கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தாள்.

வெங்கிடாசலம் முதல் பக்கத்தைக் கம்பீரமாக வாசித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

"இங்கே தலைவரும் செயலாளரும்... பேசிண்டிருக்கா" என்றார்.

"என்ன பேசிக்கறா?" என்று கமலாக்ஷி மெதுவாகக் கேட்டாள்.

"சும்மா... லோகா..."

தலை தொங்கியது. கண்ணாடி மூக்கில் இறங்கியது. கமலாக்ஷி அதைப் பூப்போல எடுத்து மேசையில் வைத்தாள். விசிறியை ஒரு புள்ளி கூட்டிவைத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் வாயனசாலைக்குப் புறப்பட்டாள்.